உள்தாழ்ப்பாள் இல்லாத கதவு

கடைக்காரர் ஐந்தாவது கதவையும் தட்டிக் காட்டி, "எந்தத் திருடனுக்கும் இது மசியாதும்மா" என்றார். அவள் கதவின் முகப்பைப் பார்க்கவே இல்லை. சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்த் தாழ்ப்பாளைத் தேடினாள். இருந்தது. இந்தக் கடையில் எல்லாக் கதவுக்கும் உள்ளே ஒரு தாழ்ப்பாளாவது பிடியாவது இருந்து தொலைத்தது.

"உள்ளேருந்து திறக்க முடியாத மாதிரி ஏதாவது இருக்கா?" என்று மெல்லக் கேட்டாள்.

"கார் ஷெட்டுக்குத்தானே கேட்டீங்க? காரா திறந்துக்கிட்டு ஓடப் போகுது?" தன் பேச்சுக்குத் தானே முதல் ஆளாகச் சிரிக்கிற மனிதர் அவர்.

ஷெட்டில் கார் இல்லை. ஒரு கட்டில், மின்விசிறி, தண்ணீர்க் குடம், பழைய கருவிப் பெட்டி. ஓடப் போகிறவர், அதோ, கடையின் மறுமூலையில் ஷட்டர் சுருளை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிற அவள் கணவர்தான். முப்பது வருடம் ஊரெல்லாம் ஷட்டர் மாட்டியவர். இரண்டு வருடமாக மறதி நோய். சாப்பிட்டது மறந்துவிடும், பெற்ற மகளின் முகம் மறந்துவிடும். பூட்டைத் திறக்க மட்டும் கை மறப்பதில்லை. வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு மூன்று தடவை போய்விட்டார். மூன்றாம் தடவை ரயில் பாதையிலிருந்து யாரோ கையைப் பிடித்து இழுத்துவந்தார்கள். ஷெட்டில் விட்டால் பெட்டியைக் கிண்டிக்கொண்டு சமத்தாக இருப்பார். ஆனால் அங்கே இருக்கும் பலகைக் கதவின் கீலைக் கழற்ற அவருக்குப் பத்து நிமிடம் போதும்.

அவள் சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறாள். காலையில் போனால் மாலைதான் திரும்ப முடியும். பார்த்துக்கொள்ள வந்த மூன்று பேரும் ஒரு மாதம் தாக்குப்பிடிக்கவில்லை. வேலையை விட்டால் அடுப்பு எரியாது. ஆகவே பகலில் கட்டின புருஷனைப் போட்டுப் பூட்ட ஒரு கதவு வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொன்னால் விஷயம் இவ்வளவுதான். சொல்ல நாக்கு எழவில்லை. தன்னைத் தானே காறித் துப்பிக்கொள்ளலாம் போல இருந்தது.

"மோட்டார் வச்சது வேணாம், கரண்டு போனா போச்சு" என்றபடி கணவரே வந்தார். இன்று அவருக்கு நல்ல நாள். கண் தெளிவாக இருந்தது. "இவளுக்கு மணிக்கட்டு வலி. ஒத்தைக் கையால தூக்குற மாதிரி வேணும். அந்தக் கோடியில இருக்கே, ஸ்பிரிங் ஷட்டர், அதைக் கொடுங்க. பூட்டுனா ரெண்டு பக்கமும் கம்பி சுவருக்குள்ள போயிடும். சாவி வெளிய மட்டும்தான். உள்ள மாட்டிக்கிட்டா நானே திறக்க முடியாது."

கடைக்காரர் அவளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. கதவு காருக்கு இல்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"பாத்துடுவோம்" என்று கணவர் அந்த ஷட்டருக்குப் பின்னால் இருந்த சாமான் அறைக்குள் போனார். எந்தக் கதவையும் தானே ஒருமுறை உள்ளே நின்று பார்க்காமல் அவர் ஒப்படைத்ததில்லை. "இழுத்து மூடுங்க. சாவி போட்டுப் பூட்டுங்க."

வேண்டாம் என்று அவள் சொல்லியிருக்கலாம். ஆனால் அவளுக்கும் பார்க்க வேண்டியிருந்தது.

கடைக்காரர் பூட்டினார். உள்ளே கணவரின் கைகள் தகட்டைத் தட்டிக்கொண்டு மேலிருந்து கீழே வந்தன. ஓரங்களை உலுக்கின. "சபாஷ்! அசைய மாட்டேங்குது" என்று குரல் வந்தது. பிறகு சத்தமே இல்லை. கடைக்காரர் சாவியைத் துளையில் வைத்தபடி காத்திருந்தார்.

மறுபடி தட்டல் கேட்டது. இப்போது மெதுவாக, அந்நியர் வீட்டு வாசலில் தட்டுவது போல.

"வெளிய யாருங்க? கொஞ்சம் திறந்து விடுறீங்களா? வீட்ல என் சம்சாரம் தனியா இருக்கா."

"நாந்தாங்க. இங்கதான் நிக்கிறேன்" என்றாள்.

"நீங்க யாரோ தெரியல, தாயே. புண்ணியமாப் போகும். நான் வரலைன்னா அவ சாப்பிட மாட்டா."

கடைத் தரை மேடுபள்ளமாக இருந்தது. ஷட்டரின் அடியில் ரப்பர் பட்டையைத் தள்ளிக்கொண்டு நான்கு விரல் நுனிகள் வெளியே வந்து தரையைத் தடவின. அவள் அப்படியே உட்கார்ந்து அவற்றைப் பிடித்தாள். விரல்கள் ஒரு கணம் திகைத்தன.

"அம்மா..." கடைக்காரர் அவள் பக்கம் குனிந்தார். "வேற ஏதாவது பாக்கலாமா?"

"அடியில இந்தச் சந்து மட்டும் இருக்கட்டும்" என்றாள். "இதையே நாளைக்கு வந்து மாட்டிடுங்க."

யாருடைய கை என்று தெரியாமலே அந்த விரல்கள் அவள் கையை இறுகப் பற்றிக்கொண்டன.