ஒட்டிய அச்சு

என் தம்பி பல் செட் கட்டுகிறவன். பல் டாக்டர் வாயில் அளவெடுத்து அனுப்புவார். இவன் அந்த அளவில் பிளாஸ்டர் ஊற்றி, ஈறு எப்படி இருக்கிறதோ அப்படியே ஓர் அச்சு எடுத்து, அதன்மேல் பல் வரிசையைக் கட்டிக் கொடுப்பான். வேலையில் கெட்டி. பேச்சுதான் கிடையாது, எதையும் மென்று விழுங்குகிற பிறவி. அவனுக்கும் சேர்த்துக் கடவுள் எனக்கு வாயைக் கொடுத்துவிட்டார்.

எங்கள் சபையில் பாட்டு எடுத்துக் கொடுக்கிற அம்மாவை எல்லோரும் சுருதியம்மா என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய கீழ்ப்பல் செட் இவன் கட்டியது. போட்ட நாள் முதல் வலிக்கிறது என்றார். டாக்டர் செட்டைக் கழற்றி, அதோடு தம்பி அனுப்பியிருந்த அச்சில் வைத்துப் பார்த்தார், கச்சிதமாக உட்கார்ந்தது. போகப் போகப் பழகிவிடும் என்று அனுப்பிவிட்டார். சுருதியம்மா மறுபடி போனார், மறுபடியும் அதே பதில். சுருதியம்மாவின் மகன் நல்ல பிள்ளைதான். ஆனாலும் அம்மாவுக்கு வயதாகிவிட்டது, இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் குறை என்று பார்க்கிறவர்களிடம் சொல்ல ஆரம்பித்தான். அவர் பாட்டெடுப்பதை நிறுத்தினார். பிறகு பேச்சையும் குறைத்துக்கொண்டார்.

புதன்கிழமை ஜெபக் கூட்டத்தில், யாருக்காவது ஜெபிக்க வேண்டுமா என்று போதகர் கேட்டபோது சுருதியம்மா எழுந்தார். கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டிருந்தார்.

"நல்லபடியா செஞ்சு கொடுத்ததைக் குறை சொல்லிக்கிட்டே இருக்கேன். இல்லாத வலியை நானே இருக்கிறதா நினைச்சுக்கிறேன் போல. என் முறுமுறுப்பை ஆண்டவர் மன்னிக்கணும்னு ஜெபிச்சுக்கோங்க" என்றார்.

போதகர் ஜெபித்தார். எல்லோரும் ஆமென் என்றோம். பக்கத்தில் என் தம்பியும் சொன்னான். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

வீட்டுக்கு வந்தவன் சாப்பாட்டைத் தொடவில்லை. என்னடா என்று நான் உலுக்கிய பிறகுதான் வாய் திறந்தான். சுருதியம்மாவின் அச்சு கை நழுவி இரண்டாக உடைந்துவிட்டதாம். டாக்டருக்கு போன் செய்து, இன்னொரு தடவை அளவெடுத்து அனுப்புங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். கெட்ட பெயர் வந்துவிடுமே என்று பசை போட்டு ஒட்டி, கோடு தெரியாமல் தேய்த்து, அதன்மேலேயே செட்டைக் கட்டிவிட்டான். ஒட்டியதில் மயிரிழை விலகியிருக்கிறது. விலகிய அச்சுக்குக் கட்டிய செட் அந்த அச்சில் உட்காராமல் வேறெங்கே உட்காரும்? அதைப் பார்த்துத்தான் டாக்டர், செட்டில் தப்பில்லை, அம்மாவின் வாயில்தான் ஏதோ என்று முடிவு கட்டிவிட்டார். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அழுது ஜெபிப்பது வெளியே கேட்டது. பாவமாக இருந்தது, திட்டாமல் விட்டுவிட்டேன். காலையில் தெளிந்த முகத்தோடு வந்து உட்கார்ந்தான். "ஆண்டவர் மன்னிச்சிட்டார்க்கா. மனசுல சமாதானம் வந்திருச்சு" என்றான்.

எனக்கு வந்ததே கோபம். "அவரா வலிக்குதுன்னு சொன்னாரு?" என்றேன். "அவர் மன்னிக்கலைன்னு நான் சொல்லலை. ஆனா உனக்குச் சமாதானம், அந்தம்மாவுக்குப் புண்ணு. தப்பு செஞ்சவன் நீ, சபை முன்னாடி எழுந்து மன்னிப்புக் கேட்டவங்க அவங்க. இது என்னடா நியாயம்?"

சத்தமில்லாமல் புது செட் ஒன்று கட்டிக் கொடுத்துவிடுகிறேனே, கொஞ்சம் திருத்தினேன் என்று சொல்லிக்கொள்ளலாமே என்று இழுத்தான். பூசி மெழுகுவதற்கு அப்போதும் வழி தேடுகிறான் பாருங்கள்.

"ஈறு ஆறிடும்டா. அவங்களுக்கு அவங்க மேலேயே நம்பிக்கை போயிருச்சே. அதுக்கு எந்த செட்டைக் கட்டுவே?"

உண்மையைச் சொன்னால் டாக்டர் வேலை தருவதையே நிறுத்திவிடுவார் என்றான். நிறுத்தலாம்தான். எங்கள் வீட்டில் அடுப்பு எரிவதே அந்த வேலையில்தான். ஆனாலும் மறைத்துவிடு என்று சொல்ல வாய் வரவில்லை. அவன் எழுந்து சட்டையை மாட்டினான்.

முதலில் டாக்டரிடம் போய்ச் சொல்லி, அச்சை வாங்கிக்கொண்டு வெளியே வந்தான். நான் வாசலில் காத்திருந்தேன். இனிமேல் உனக்கு வேலை அனுப்புவதா என்று யோசிக்க வேண்டும் என்றாராம். அங்கிருந்து நேராகச் சுருதியம்மா வீட்டுக்குப் போனோம்.

மகன்தான் கதவைத் திறந்து உட்காரச் சொன்னான். என் தம்பி உட்காரவில்லை. அச்சைச் சுருதியம்மாவுக்கு முன்னால் மேஜைமேல் வைத்து, இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினான். ஒட்டிய இடத்திலேயே அது பிரிந்தது.

"இது முன்னாடியே உடைஞ்சதும்மா. சொல்லாம ஒட்டி, அதுலதான் உங்க செட்டைக் கட்டினேன். உங்க வாயில ஒரு குறையும் இல்லை. வலி நிஜம். தப்பு என்னுது" என்றான்.

அவனுக்கு அவ்வளவு பேச வரும் என்று எனக்கே தெரியாது.

சுருதியம்மா அந்த இரண்டு துண்டையும் கையில் எடுத்துப் பார்த்தார். "புதன்கிழமை நான் எழுந்து சொன்னப்போ உனக்குத் தெரியுமா?"

இதற்கு மட்டும் ஏதாவது சாக்குச் சொல்லிவிடுவானோ என்று அவனையே பார்த்தேன்.

"தெரியும்மா. தெரிஞ்சேதான் உக்காந்திருந்தேன். வர்ற புதன்கிழமை அதே இடத்துல எழுந்து எல்லார்கிட்டயும் சொல்றேன்."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. என் தம்பியும் அதைக் கேட்டு நிற்கவில்லை. செட்டை வாயிலிருந்து எடுத்துக் கைக்குட்டையில் வைத்து அவனிடம் நீட்டினார். ஈறில் இரத்தம் கசிந்திருந்தது.

அதை மகன் பார்த்துவிட்டான். "இவ்வளவு வலிக்குதுன்னு எங்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா" என்றான்.

"சொன்னேனேப்பா."

அவன் அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தான்.

"ஆமாம்மா. சொன்னீங்க."