முன்சீற்றில் கமலேஸ்வரி

தவராசாவுக்குப் பெண் பார்க்க உருத்திரபுரத்திலிருந்து ஒட்டுசுட்டானுக்குப் போன காரில் நான்கு பேர் இருந்தார்கள். கார் அவனுடைய தகப்பன் முத்துலிங்கத்தினுடையது. ஓட்டியவர் வீரையா. ஊரில் ட்றக்டர் திருத்துகிறவர். அந்த டீசல் காரை மண்ணெண்ணெய்க்குப் பழக்கியவரும் அவர்தான். முன்சீற்றில் அவருக்கு இடப்பக்கம் முத்துலிங்கத்தின் தமக்கை கமலேஸ்வரி, கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். பின்சீற்றில் முத்துலிங்கமும் தவராசாவும். அவர் ஏறி உட்கார்ந்தபோது கார் இடப்பக்கம் ஒருதரம் குனிந்து, பிறகு நிமிரவேயில்லை.

பதினொன்றரை வரைதான் நல்ல நேரம். கிளிநொச்சி தாண்டியதும், வீரையாவின் முன்னால் ஒரு சிவப்பு லைற் எரிந்தது. அதில் ஒரு தாங்கியும் அலையும் கீறியிருந்தன.

"எஞ்சினுக்குத் தண்ணி குறைஞ்சிட்டுது" என்று வீரையா ஓரங்கட்டினார்.

எல்லோரும் இறங்கினார்கள். ரேடியேற்றரோடு குழாயால் தொடுத்த வெள்ளைப் பிளாஸ்ரிக் தாங்கியில் தண்ணீர் அளவுக் கோட்டுக்குச் சரியாக நின்றது. காருக்குள் எட்டிப் பார்த்தால் லைற்றும் அணைந்திருந்தது. இருந்தாலும் வீரையா ஒரு போத்தல் தண்ணீர் ஊற்றினார். ஏறிக் கொஞ்சத் தூரம் ஓடியதும் லைற் மறுபடி எரிந்தது.

முறிகண்டியில் எப்படியும் நிற்கத்தான் வேண்டும். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு மூடியைத் திறந்தால் மறுபடி கோட்டுக்குச் சரி. லைற்றும் அணைந்துதான் இருந்தது. இன்னொரு போத்தல் ஊற்றி எல்லோரும் ஏறினார்கள். நாலு கட்டை தூரம் போகவில்லை, லைற் எரிந்தது.

"தேங்காய் கோணலா உடைஞ்சது. நான் அப்பவே பாத்தனான்" என்றார் முத்துலிங்கம்.

வீரையாவுக்கு முறிகண்டியிலேயே விஷயம் விளங்கிவிட்டது. கமலேஸ்வரி இறங்கினால் லைற் அணைகிறது, ஏறினால் எரிகிறது. கண்ணாடியில் முத்துலிங்கத்தைப் பார்த்தார். முத்துலிங்கத்துக்கும் விளங்கியிருந்தது. இரண்டு பேரும் உடனே வேறு பக்கம் பார்த்தார்கள். குடும்பத்துக்கு மூத்தவர், சபைக்குப் போகிற இடத்தில் முன்சீற் அவருக்குரியது. பின்னால் போய் இருங்கள் என்று யார் சொல்வது? ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது?

"வயர் லூசா இருக்கும்" என்றார் வீரையா.

"வெயில் கண்ணாடியில பட்டு எரியிற மாதிரித் தெரியும்" என்றார் முத்துலிங்கம்.

பின்சீற்றில் தவராசா சட்டைப்பையிலிருந்து சிவப்புச் சீப்பை எடுத்துத் தலை வாரினான். முப்பத்தொரு வயது. காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை.

மாங்குளச் சந்தியில், தேத்தண்ணிக்கடைக்கு முன்னால், கார் மூன்றாம் முறையாக நின்றது. வீரையா வயர்களை ஒவ்வொன்றாகத் தடவினார். முத்துலிங்கம் சின்ன விரலால் மீற்றர்க் கண்ணாடியில் தட்டினார். கமலேஸ்வரி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு முன்சீற்றில் ஏறி இருந்தார். லைற் எரிந்தது. இறங்கினார். அணைந்தது. இன்னொரு முறை ஏறி இறங்கினார்.

"என்ன, ரெண்டு பேரும் குருடோ? நான் ஏறினா எரியுது, இறங்கினா நூருது. இது உங்களுக்குத் தெரியேல்லையோ?"

முத்துலிங்கம் மீற்றரிலிருந்து விரலை எடுத்தார்.

"தொண்ணூத்தெட்டுக் கிலோ. சங்கத்தில நெல்லு நிறுக்கிற தராசில போன கிழமைதான் ஏறிப் பாத்தனான். இதில மறைக்க என்ன கிடக்கு?"

வீரையா தரையைப் பார்த்தபடி விளக்கினார். "ஓம் அம்மா. முன்னுக்கு இந்தப் பக்க ஸ்பிறிங் பழசு. கார் சரிஞ்சா தாங்கியில தண்ணியும் சரியும். மற்றக் கரையில ஒரு மிதவை இருக்கு. அது கீழ போனா, தண்ணி குறைஞ்சதெண்டு லைற் எரியும்."

"அப்ப நான் பின்னுக்கு, உமக்குப் பின்பக்கம் இருக்கிறன்."

"அப்ப சரி! வெளிக்கிடுவம்" என்று முத்துலிங்கம் கதவைத் திறந்தார்.

"நில் தம்பி. சரிவு என்னாலதான். ஆனால் ரெண்டு போத்தல் தண்ணி ஊத்தினனீங்கள். பிறகும் அதே கோட்டில நிக்குதெண்டா, அந்த ரெண்டு போத்தலும் எங்க? சங்கத்தில சீனி குறைஞ்சா ஒண்டு சாக்கில ஓட்டை, இல்லாட்டிக் களவு. இதுக்குள்ள களவெடுக்க ஆரும் இல்லை."

அவரே குனிந்தார். தாங்கியின் பின்பக்கம், கோட்டுக்கு ஒரு நூல் மேலே தொடங்கி, வெள்ளையாக ஒரு தடம் கீழே இறங்கியது. எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் கொதிக்கவைத்த கேத்தில்களில் படிகிற அதே வெள்ளை. அந்த இடத்தில் விரலை வைத்தார், ஈரமாக இருந்தது. மயிரளவு வெடிப்பு. கோட்டுக்கு மேலே எவ்வளவு ஊற்றினாலும் கார் ஓட ஓட அவ்வளவும் அதால் போய்விடும்.

வீரையா தலையில் கையை வைத்தார். "ட்றக்டருக்கு இப்பிடித் தாங்கி இல்லை அம்மா" என்றார்.

தேத்தண்ணிக்கடை அடுப்பில் உடைந்த கத்தி ஒன்றைக் காய்ச்சினார்கள். வெடிப்பில் உருக்கி ஒட்டப் பிளாஸ்ரிக் துண்டொன்று வேண்டும். கமலேஸ்வரி மருமகனிடம் கையை நீட்டினார். தவராசா சீப்பைக் கொடுத்தான். கொடுத்ததோடு நிற்காமல், சட்டைக் கையை மடித்துவிட்டு, வீரையா தாங்கியைப் பிடிக்கச் சீப்பை உருக்கித் தானே அப்பினான். வெள்ளைத் தாங்கியில் சிவப்புப் பொட்டு. தண்ணீர் நிரப்பிப் பார்த்தார்கள், கசியவில்லை.

ஒட்டுசுட்டானில் பெண்வீட்டுப் படலையடிக்குப் போகும்போது பன்னிரண்டு பத்து. பெண்ணின் தகப்பன் நடராசா வீதியைப் பார்த்தபடி நின்றார், முகத்தில் சிரிப்பில்லை.

"வழியில யானை நிண்டது..." என்று முத்துலிங்கம் தொடங்கினார்.

"யானையும் இல்லை, பூனையும் இல்லை" என்றார் கமலேஸ்வரி. கதிரையில் இருந்துகொண்டு, முதல் லைற்றிலிருந்து கடைசிச் சீப்பு வரைக்கும் ஒன்றும் விடாமல் சொன்னார். தொண்ணூற்றெட்டுக் கிலோவையும் விடவில்லை. "இந்த ரெண்டு ஆம்பிளையளும் என்னைப் பின்னுக்கு இருங்கோ எண்டு சொல்லப் பயந்து, சூரியனையும் தேங்காயையும் குற்றஞ் சொல்லிக்கொண்டு வந்தவை" என்று முடித்தார்.

நடராசா சிரிப்பதா விடுவதா என்று முழித்தார். அதற்குள் குசினி அடுப்படியிலிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. அடக்கப் பார்த்து, அடங்காமல், மூக்கால் வெடித்த சிரிப்பு. பெண்ணின் தாய் "கௌசலா! உஷ்!" என்று அதட்டுவதும் கேட்டது.

"எனக்குச் சம்மதம்" என்றான் தவராசா.

முத்துலிங்கம் திரும்பினார். "டேய், நீ இன்னும் பொம்பிளையைப் பாக்கேல்லை."

"ஓம். பாப்பம்" என்று அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

கௌசலா தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். கண்கள் இன்னும் ஈரம். தட்டை நீட்டியவள், கரியும் உருகிய சிவப்பும் அப்பியிருந்த அவனுடைய விரல்களைக் கண்டு தட்டைப் பின்னுக்கு இழுத்தாள்.

"கிணத்தடியில சவர்க்காரம் இருக்கு" என்றாள்.