முன் சக்கரத்தின் ஆறு நட்டு

கீரையும் தக்காளியும் ஏற்றுகிற வண்டிக்குப் பந்தயம் என்ன கேடு என்று, அந்த நோட்டீஸ் வீட்டுக்கு வந்த அன்றைக்கே நான் கேட்டுவிட்டேன். கேட்டு என்ன பயன்? என் வீட்டுக்காரர் முனிராஜ் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பு வந்துவிட்டால் அதற்குமேல் அந்த மனிதரிடம் பேசிப் பிரயோஜனமில்லை.

தொண்ணூற்றேழாம் வருடம், ஜனவரி மாதம். மைசூரில் ஜீப் வைத்திருக்கும் பெரிய வீட்டுப் பிள்ளைகள் சிலர் சேர்ந்து, மண்டகள்ளியில், விமானமே வராத பழைய ஓடுபாதையில் 'டிராக் ரேஸ்' வைத்திருந்தார்கள். வளைவு கிடையாது. நேர்க்கோட்டில் கால் மைல். இரண்டிரண்டு வண்டியாக விடுவார்கள். முந்துகிறவன் மறுபடி ஓட்டலாம், பிந்துகிறவன் வீட்டுக்குப் போகலாம். அந்த வருடம் சரக்கு பிக்கப்புகளுக்கும் ஒரு பிரிவு உண்டு என்று அச்சடித்திருந்தார்கள்.

இவர் ராமாபுரத்துக்காரர். அங்கிருந்து மைசூர் மார்க்கெட்டுக்கு வாரத்தில் நாலு நடை காய்கறி ஏற்றி வருவார். எந்த வண்டிக்காரன் முன்னால் கிளம்பினாலும் இவர்தான் முதலில் இறக்குவார். அதனால் மார்க்கெட்டில் இவருக்குப் பெயரே ஏரோப்ளேன். "ஏரோப்ளேனு, ரன்வே ரெடி, நீ ரெடியா?" என்று யாரோ கேட்டுவைக்க, இவர் போய்ப் பெயர் கொடுத்துவிட்டார்.

"நேர் ரோடுதான புள்ள, மலைப்பாதைய விடவா?" என்றார்.

"மலைப்பாதைல நீங்க பயந்து ஓட்டுவீங்க. நேர் ரோட்லதான் எல்லாரும் சாகறாங்க" என்றேன்.

பயம் வந்தால் சிலருக்கு வயிற்றைக் கலக்கும். எனக்கு வாயில்தான் வரும். அந்தப் பத்து நாளும் நான் பேசிய பேச்சுக்கு வேறு யாராவது என்றால் அம்மா வீட்டுக்குப் போ என்றிருப்பார்கள். உள்ளே இருந்தது ஒன்றே ஒன்றுதான். இந்த மனிதர் முழுசாகத் திரும்பி வரவேண்டும்.

பந்தயத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை. மைசூர் மேட்டகள்ளியில் எங்கள் வீட்டுக்கு முன்னால் இருந்த காலி இடத்தில் வண்டியை நிறுத்திக் காலையிலிருந்தே பிரித்துக்கொண்டிருந்தோம். 'தோம்' என்றுதான் சொல்லவேண்டும். கல்யாணமான புதிதில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தவள் நான். பதினோரு வருடத்தில் சக்கரம் மாட்டுவதில் அவரைவிட எனக்குத்தான் கை வேகம்.

"வெயிட்டு கொறையோணும் லீலா. தேவையில்லாதது ஒண்ணும் வண்டில இருக்கப்படாது" என்றார்.

ஸ்டெப்னியைக் கழற்றினோம். தார்ப்பாய், கயிறு, பின்கதவு, பக்கப் பலகை எல்லாம் இறங்கின. பக்கத்து சீட்டைக் கழற்றும்போது, "அப்ப நான் எங்க உக்காந்து வர்றது?" என்றேன். "நீ பஸ்ல வா" என்றார். சைலன்சரையும் கழற்றி வைத்துவிட்டு ஒருதரம் ஸ்டார்ட் செய்தார் பாருங்கள், தெருவில் இருந்த நாயெல்லாம் ஓடிவிட்டது. முன்னால் கட்டியிருந்த எலுமிச்சம்பழத்தில் மட்டும் கை வைக்க நான் விடவில்லை. "இது என்ன பெரிய வெயிட்டா?" என்று கேட்டதற்குச் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்.

இத்தனையும் இறக்கியபின் வண்டியின் பின்பக்கம் துள்ள ஆரம்பித்தது. சுமையோடு ஓடியே பழகிய வண்டி. வெறும் வண்டியை ஒரே மிதியில் கிளப்பினால் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும் என்றார். அதனால் இறக்கியதற்குப் பதிலாக இரண்டு மணல் மூட்டையைப் பின்சக்கரத்துக்கு மேலே வைத்துக் கட்டினோம். இதற்கு ஸ்டெப்னியே இருந்திருக்கலாமே என்று நான் கேட்டது அவர் காதில் விழவில்லை.

மத்தியானத்துக்குமேல் முன்சக்கரங்களைக் கழற்றி பேரிங்குக்கு கிரீஸ் வைத்தோம். இடது பக்கம் முடித்து, வலது பக்கம் மாட்டினோம். வண்டி ஜாக்கில் தூக்கி நிற்கும்போது நட்டைக் கையால்தான் பிடித்து வைக்கவேண்டும். கீழே இறக்கி, சக்கரம் தரையில் ஊன்றியபிறகுதான் ஸ்பானர் போட்டு இறுக்கவேண்டும். நான் இறுக்குவது எப்படி என்றால், ஸ்பானரை மாட்டி அதன் நுனியில் ஏறி நின்றுவிடுவேன். என் ஐம்பத்தெட்டு கிலோவும் அந்த நட்டில் இறங்கும்.

அவர் ஜாக்கை இறக்கிவிட்டு, எழுந்து கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டே பானெட் பக்கம் போனார். "லீலா, அந்த ஆறு நட்டையும் டைட் பண்ணிரு" என்றார்.

"ஆய்த்து" என்றேன்.

ஸ்பானரைக் கையில் எடுத்தேன். அதற்குள் பக்கத்து வீட்டு தேவம்மா வாசலில் நின்று, "லீலா, ராமாபுரத்திந்த ஃபோனு! பேக பா!" என்று கத்தினாள். அந்தத் தெருவுக்கே அவள் வீட்டில்தான் ஃபோன். ராமாபுரத்திலிருந்து என்றால் எஸ்டிடி பூத்திலிருந்து, நிமிஷத்துக்கு நிமிஷம் காசு. சீக்கிரம் வா என்றால் ஓடித்தான் ஆகவேண்டும். ஸ்பானரைப் போட்டுவிட்டு ஓடினேன்.

என் மாமியார் பழனாத்தாள். எடுத்தவுடனே, "ஏனம்மிணி, அவன் ஏதோ பந்தயத்துக்கு வண்டி ஓட்டப் போறானாமா?" என்றார். யார் போய்ச் சொன்னார்களோ தெரியவில்லை. "நீ சொல்லி நிறுத்தக் கூடாதா? கையி காலு போச்சுன்னா ஆரு பாக்கறது?" என்றார். நான் பத்து நாளாகக் கத்தியதையெல்லாம் இப்போது அவர் என்னிடம் கத்தினார். அத்தை, ஒன்றும் ஆகாது, நேர் ரோடுதான் என்று அவர் பிள்ளையின் வசனத்தையே அவருக்குச் சொல்லிவைத்தேன். ஃபோனை வைத்தேன். தேவம்மா தண்ணீர் கொடுத்தாள். உட்கார்ந்து கொஞ்சம் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்து உலை வைத்தேன்.

சாயங்காலம் நான் அவரைச் சும்மா விடவில்லை. பிரேக்கை மிதிக்கச் சொல்லி நாலு சக்கரத்தையும் சுற்றி வந்து பார்த்தேன். இரவல் வாங்கிய ஹெல்மெட்டின் வார் அறுந்திருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தேன். ஓடுபாதை முடிகிற இடத்தில் என்ன இருக்கிறது, வண்டி நிற்க எவ்வளவு தூரம் இருக்கிறது என்று கேட்டேன். கேட்கவேண்டியதை எல்லாம் கேட்டேன். கேட்காமல் விட்டது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வண்டியில் போனார், நான் பஸ்ஸில் போனேன். மண்டகள்ளியில் நல்ல கூட்டம். ஓடுபாதைக்கு இரண்டு பக்கமும் கயிறு கட்டியிருந்தார்கள். மைக்கில் ஒருவர் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் மாற்றி மாற்றிக் கத்திக்கொண்டிருந்தார். இவரோடு ஓட வேண்டியது ஒரு வெள்ளை பிக்கப். மார்க்கெட் ஆட்கள் பத்துப் பேர் வந்து "ஏரோப்ளேன், ஏரோப்ளேன்" என்று விசில் அடித்தார்கள். இவருக்கு முகமெல்லாம் பல். அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்து நாளாகிவிட்டது. சரி, வந்தது வந்தாயிற்று, ஜெயிக்கட்டும் என்று எனக்கே தோன்றிவிட்டது.

இரண்டு வண்டியும் கோட்டுக்கு வந்தன. வெள்ளை வண்டிக்காரனின் ஆள் ஒருவன் கடைசி நேரத்தில் சந்தேகம் வந்து, முன்சக்கரத்தில் ஸ்பானரை மாட்டி அதன்மேல் ஏறி நின்றான். நட்டு கிறீச்சென்றது. அவன் இறங்கிப் போய்விட்டான்.

நான் என் காலைப் பார்த்தேன். ஸ்பானரில் ஏறி நின்ற மறுநாள் என் உள்ளங்காலில் வலி இருக்கும். இடது காலில் இல்லாவிட்டால் வலது காலில் இருக்கும். எதிலும் இல்லை.

இந்த ஊர்க் கன்னடத்தில் ஆய்த்து என்றால் முடிந்துவிட்டது என்று அர்த்தம். ஆய்த்து என்றால் சரி, செய்கிறேன் என்றும் அர்த்தம். மைசூரில் பிறந்து வளர்ந்த எனக்குத் தமிழ் பேசும்போதும் அதுதான் வாயில் வரும். நேற்று நான் சொன்னது, செய்கிறேன். அவர் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டிருந்தால்? ஆறு நட்டும் கைப்பிடியில்தான் இருக்கின்றன.

வீட்டிலிருந்து இங்கே வரை ஓட்டி வந்தாரே, கழன்றிருந்தால் அப்போதே கழன்றிருக்காதா என்று நினைத்தேன். ஊருக்குள் மெதுவாக வந்திருப்பார், அதனால் தாங்கியிருக்கும் என்றும் நினைத்தேன். ஆறில் எத்தனை மிச்சம் இருக்கிறதோ! முன் வலது சக்கரம். அவர் உட்கார்ந்திருக்கிற பக்கம். முதல் தடவையாக வாயில் பேச்சு வரவில்லை.

"ஏங்க!" என்று கத்தினேன். சைலன்சர் இல்லாத இரண்டு வண்டி போடுகிற சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற போலீஸ்காரரின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "வீல் நட், வீல் நட்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்து, பின்னால் போகும்படி கையைக் காட்டினார். இரண்டு வண்டிக்கும் நடுவில் நின்றவர் பச்சைக் கொடியை மேலே தூக்கினார்.

கயிற்றுக்குக் கீழே குனிந்து ஓடினேன். செருப்பு ஒன்று போய்விட்டது. யார் யாரோ கத்தினார்கள். நேராகப் போய் எங்கள் வண்டிக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றேன்.

அதே நொடியில் கொடி இறங்கியது.

வண்டி ஒரு துள்ளு துள்ளியது. பின்சக்கரம் தார் ரோட்டில் தேய்ந்து புகை வந்தது. எலுமிச்சம்பழம் என் வயிற்றில் வந்து மோதியது. அப்புறம் எல்லாம் நின்றுவிட்டது, இன்ஜினும்கூட. வெள்ளை வண்டி மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. மைக் பிடித்தவர் ஜெயித்தது என்று அதன் பெயரைச் சொன்னார்.

நாலைந்து பேர் ஓடி வந்து என்னைத் திட்டினார்கள். கேபினில் சீட்டுக்குப் பின்னால் கிடந்த ஸ்பானரை உருவி எடுத்து வலது சக்கரத்தில் மாட்டி ஏறி நின்றேன். அசையவில்லை. அடுத்தது. அசையவில்லை. ஆறு நட்டிலும் ஏறி ஏறி இறங்கினேன். ஒன்றுகூட ஒரு நூல் அசையவில்லை.

அவர் ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"டைட்டா இருக்கு" என்றேன், ஏதோ அவருக்குத் தெரியாததைச் சொல்வது போல.

"நாந்தான் நேத்தே பண்ணுனேன். நீ ஃபோனுக்குப் போனயில்ல, அப்ப."

"நான் ஆய்த்துன்னு சொன்னேனே. நீங்க முடிஞ்சுதுன்னுதானே நெனச்சிருப்பீங்க?"

"நீ ஆய்த்துன்னா நான் எப்பவும் போயி ஒருக்கா பாத்துருவேன் புள்ள" என்றார்.

"எப்ப இருந்து?"

"கல்யாணம் ஆன மொத மாசத்துல இருந்து. கேஸு மூடியாச்சா, கதவு பூட்டியாச்சா, எல்லாத்துக்கும் ஆய்த்தும்ப. நான் பாத்துட்டு வந்து படுத்துக்குவேன்."

பதினோரு வருடம். ஒருநாள்கூட ஏன் மூடவில்லை என்று கேட்டதில்லை. நான் மூடினேன் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. அவர் ஆசையாக வந்த பந்தயத்தை ஒன்றுமில்லாததற்குக் கெடுத்துவிட்டேனே என்று அதைவிட வெட்கமாக இருந்தது. கூட்டத்தில் மார்க்கெட் ஆட்கள் யாரும் இப்போது விசில் அடிக்கவில்லை.

"என்னைத் திட்டுங்க. நாலு பேர் முன்னால திட்டினாலும் பரவால்ல" என்றேன்.

அவர் மெதுவாக ஹெல்மெட்டைக் கழற்றினார். முகத்தில் ரத்தமே இல்லை. அப்படி ஒரு முகத்தை நான் அவரிடம் பார்த்ததில்லை.

"பேரிங்கு பாத்தேன், பிரேக்கு பாத்தேன், நட்டு பாத்தேன். நீ குறுக்க வந்து நிப்பேன்னு நான் பாக்கலையே லீலா" என்றார். "காலு கிளட்ச்ச உட்டுருச்சு. வண்டி கெளம்பிருச்சு. எப்புடி நின்னுச்சுன்னு எனக்குத் தெரியல."

வண்டியை ஓரம் கட்டச் சொல்லிக் கத்தினார்கள். சாவியைத் திருப்பக் கையைக் கொண்டுபோனார். திருப்பவில்லை. நான் மறுபக்கக் கதவைத் திறந்து உள்ளே ஏறினேன். மார்க்கெட் ஆட்கள் வந்து எங்கள் இரண்டு பேரையும் உள்ளே வைத்தபடியே வண்டியைத் தள்ளி ஓரமாக விட்டார்கள். பக்கத்து சீட்டைத்தான் கழற்றி வைத்திருந்தோமே, நான் கீழே தகரத்தில் உட்கார்ந்துகொண்டேன். கிளட்ச்சில் இருந்த அவர் இடது கால் அப்படியே உதறிக்கொண்டிருந்தது. முழங்காலை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தேன். எங்களுக்கு அப்புறம் இருந்த வண்டிகளெல்லாம் ஓடி முடித்தன. உதறல் நிற்கும் வரை நான் கையை எடுக்கவில்லை.