ஐந்தரைக் குச்சி

குப்பைக்கூடையைச் சமையலறைத் தரையில் கவிழ்த்து, முட்டை ஓட்டையும் கேரட் தோலையும் விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தபோது தம்பி வாசலில் வந்து நின்றான்.

"என்னக்கா தேடற?"

"கம்மல்."

"ரெண்டும் காதுலதான இருக்கு?"

"அப்ப நல்லதாப் போச்சு. போய் விளையாடு."

நான் தேடியது பல் குத்தும் குச்சியில் ஒரு பாதி. குப்பையில் இல்லை. தட்டில் இல்லை. மேசைக்கு அடியிலும் இல்லை. மிச்சமிருந்த ஒரே இடம் ஆறு வயதுத் தம்பியின் வயிறு.

பள்ளி விடுமுறை. அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போய்விட்டார்கள். மதியச் சாப்பாடு முதல்முறையாக என் பொறுப்பு. தம்பியோடு கீழ்வீட்டுப் பையனும் வந்திருந்தான். அவனுக்கும் அதே வயதுதான். முகத்தைவிடக் கண்ணாடி பெரிது என்பதால் எங்கள் வீட்டில் அவன் சோடாபுட்டி. கிளம்பும்போது அம்மா சொன்னது இவ்வளவுதான்: "ரொட்டி பாக்கெட் இருக்கு, முட்டை இருக்கு, சீஸ் இருக்கு. சுருட்டி, சூடு பண்ணிக் குடு. பத்து நிமிஷ வேலை."

பத்து நிமிடம்தான் ஆனது. முட்டையை ஊற்றிக் கிளறி, வேகவைத்த சோளமணி ஒரு கைப்பிடி போட்டேன். கேரட்டைப் பொடியாகத் துருவி முட்டைக்குள் ஒளித்தேன். தம்பி கண்ணில் பட்டால் ஆரஞ்சுப் புழு என்பான். சப்பாத்தி போல வட்டமான ரொட்டியின் நடுவில் இதைப் பரப்பி, மேலே சீஸைத் தூவி, இறுக்கமாகச் சுருட்டி, தவாவில் இரண்டு பக்கமும் சிவக்க விட்டேன். ராப் என்கிற சுருள் மூன்று. குறுக்கே வெட்டினால் ஆறு துண்டு, ஆளுக்கு இரண்டு. அதுவரைக்கும் என் கைப்பக்குவத்துக்குத் தங்க வளையலே போடலாம் போலத்தான் இருந்தது.

வெட்டியதும் ஆறும் வாயைப் பிளந்தன. அம்மா செய்தால் ஒவ்வொரு துண்டையும் சில்வர் பேப்பரில் பாதிவரை சுற்றிக் கொடுப்பாள். பிரியாது, கையும் சுடாது. டப்பாவைத் திறந்தால் வெறும் அட்டைக்குழல்தான் இருந்தது. கூடத்தில் இரண்டு ராஜாக்கள் கிரீடமும் கேடயமும் வாளுமாக மின்னிக்கொண்டிருந்தார்கள்.

"யாருடா இதையெல்லாம் எடுத்தது?"

"போர் வந்துருச்சுக்கா," என்றான் சோடாபுட்டி.

"மந்திரி, சாப்பாடு எங்க?" என்றான் தம்பி.

"மந்திரியா? இரு, வந்து பேசிக்கறேன்."

எரிச்சலில் அலமாரியிலிருந்து குச்சி டப்பாவை எடுத்து, துண்டுக்கு ஒன்றாகக் குத்தினேன். ஆறாவதோடு டப்பா காலி. கடைசியாகக் கையில் வந்தது முழுசா, உடைந்ததா என்று பார்க்கவில்லை. அந்த நேரம் பார்த்துச் சோடாபுட்டி வாளால் என் முதுகைப் பிளந்துகொண்டிருந்தான்.

"ராப்புக்கு ஊசி போட்டுட்டியாக்கா?" என்று தம்பி கேட்டான்.

"ஆமா. அது அழவே இல்ல, உன்னை மாதிரி."

சாப்பிட்டு முடியும்வரை கேரட் புழுவை யாரும் கண்டுபிடிக்கவில்லை. அந்தச் சந்தோஷத்தோடு தட்டுகளை எடுத்தேன். சோடாபுட்டி தட்டில் இரண்டு குச்சி. என் தட்டில் இரண்டு. தம்பி தட்டில் ஒன்றரை.

குச்சியைப் போய் யாராவது எண்ணுவார்களா? எங்கள் வீட்டில் எண்ணுவோம். அம்மா, துணி தைத்து ஏற்றுமதி செய்யும் கூடத்தில் மேற்பார்வை பார்க்கிறாள். அங்கே ஊசி உடைந்தால் மெஷின் நின்றுவிடும். துண்டுகளைத் தேடி எடுத்து, ஒரு தாளில் மறுபடி ஊசி வடிவத்துக்குச் சேர்த்து, டேப் போட்டு ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி கிடைக்கும். நுனி கிடைக்கவில்லையென்றால் அந்த மெஷினில் தைத்த துணி எதுவும் கூடத்தை விட்டுப் போகாது. முகம் தெரியாத ஏதோ ஒரு குழந்தையின் சட்டைக்குள் அது போய்விடக் கூடாதாம். அப்படிப்பட்டவளின் மகள், சொந்தத் தம்பியின் சாப்பாட்டில் நானே குச்சியைக் குத்திக் கொடுத்திருக்கிறேன்.

இரண்டு ராஜாக்களையும் சோபாவில் உட்காரவைத்து விசாரித்தேன்.

"சாப்பிடறப்ப ஏதாவது குத்துச்சாடா?"

"குத்துச்சு," என்றான் தம்பி.

அவன் தாடையைப் பிடித்து நிமிர்த்தினேன். "எங்க?"

"முட்டில. இவன் உதைச்சான்."

"குச்சியைக் கடிச்சியா?"

"நான் என்ன கரையானா?"

"அப்ப மீதி எங்கடா?"

"நீ பாதிதான் வெச்ச."

"இல்லக்கா, முழுசா இருந்துச்சு," என்றான் சோடாபுட்டி.

உண்மை சொல்பவனுக்குச் சாக்லேட் என்றேன். அது முட்டாள்தனம். உடனே தம்பி முழுசு என்றான், சோடாபுட்டி பாதி என்றான். பிறகு இருவரும் சேர்ந்து, குச்சியே இல்லை என்று சாதித்தார்கள்.

ஒரு வெள்ளைத் தாளில் ஐந்து குச்சியையும் வரிசையாக ஒட்டினேன். ஆறாவதாக அந்தப் பாதி. அதற்குப் பக்கத்து இடம் காலியாக இருந்தது. தாளை மடித்துத் தலையணை உறைக்குள் வைத்தேன்.

சாயங்காலம் அம்மா வந்ததும், "சாப்பாடு எப்படிடா?" என்று கேட்டாள்.

"சூப்பர்மா. எனக்கு நாளைக்கும் வேணும்."

அம்மா என் தலையைக் கலைத்துவிட்டாள். "பாத்தியா, வளந்துட்ட. இனிமே லீவு முழுக்க நீயே பாத்துக்க." இதைக் கேட்கத்தான் ஒரு வருடமாக ஏங்கினேன். வாங்கி வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன்.

பத்தரை மணிக்குத் தம்பியை உலுக்கினேன். "வயிறு வலிக்குதாடா?"

"நீ எழுப்புனா வலிக்கும்."

திரும்பிப் படுத்து, முட்டியை வயிற்றோடு சேர்த்துக்கொண்டான். தினமும் இப்படித்தான் தூங்குகிறானா? ஆறு வருடமாக ஒரே அறை. ஒருநாள்கூடக் கவனித்ததில்லை. அதற்குமேல் தாங்கவில்லை. தாளை எடுத்துக்கொண்டு போய் அம்மாவை எழுப்பினேன்.

அம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து தாளை விளக்குக்கு நேரே பிடித்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"சுருட்டின மடிப்பைக் கீழ வெச்சு தவாவுல போட்டா, அதுவே ஒட்டிக்கும்டி. குச்சியே வேணாம்," என்றாள் மெதுவாக. பிறகு ஆஸ்பத்திரிக்கு போன் செய்தாள். கூரான பொருள் என்றால் தள்ளிப்போடாதீர்கள், எதுவும் சாப்பிடக் கொடுக்காமல் இப்போதே அழைத்து வாருங்கள் என்றார்களாம்.

அப்பா காரை எடுக்கப் போனார். தம்பி தூக்கம் கலைந்து, செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு, "நான் முன் சீட்டு," என்று குதித்தான். கதவருகே அம்மா நின்றாள்.

"நல்லா யோசிச்சுச் சொல்லு. பாதியத்தான் குத்தினேன்னு உனக்கு நிச்சயமாத் தெரிஞ்சா, எல்லாரும் போய்ப் படுத்துக்கலாம்."

பாதி என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது.

"தெரியலம்மா."

"சரி. கதவைச் சாத்திக்க."

இப்போது மணி பன்னிரண்டே முக்கால். போன் இன்னும் அடிக்கவில்லை. கண்ணை மூடினால் என் கை டப்பாவுக்குள் போகிறது, எதையோ எடுக்கிறது, ராப்பில் குத்துகிறது. ஒருமுறை முழுசாகத் தெரிகிறது, மறுமுறை பாதியாக. கை என்னுடையது, கண்ணும் என்னுடையது. அப்புறம் எனக்கு ஏன் தெரியவில்லை, நான் குத்தியது முழுக்குச்சியா, பாதியா?