முதலாளிக்கும் அதே பூட்டு

வியாழக்கிழமை பகல் ஒரு மணிக்கு இரண்டு கடைகளிலும் கோடவுனிலும் ஒரே நொடியில் பில் நின்றுபோனது. குழாய் வாங்க வந்தவர்கள் குழாயைக் கையில் பிடித்தபடி நின்றார்கள். தரை ஓடு வாங்கியவர் வண்டிக்காரரோடு வாசலில் சண்டை போட்டார். கணக்கு மென்பொருள் இருக்கும் சர்வர் எங்கோ தொலைவில், வாடகை இடத்தில் இருந்தது. அதை யாரோ அணைத்துவிட்டார்கள். தூரத்திலிருந்து அணைக்க முடியும், திரும்பப் போட முடியாது. அந்த இடத்துக்காரர்களைத் தொலைபேசியில் பிடித்து, அவர்கள் ஆள் அனுப்பி, பொத்தானை அழுத்தியபோது மணி நாலு.

அணைத்தது கணக்கக்கா. அது அவளுக்கே சாயங்காலம்தான் உறைத்தது.

கடையில் பதினோரு வருஷமாக அவளுக்கு அதுதான் பெயர். குழந்தை பிறந்த பிறகு, ஒன்றரை வருஷமாக, வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறாள். கணவர் பஸ் டிரைவர், மதிய ஷிப்ட். காலை எட்டிலிருந்து ஒன்று வரை குழந்தை அவர் பொறுப்பு, சர்வர் அவள் பொறுப்பு. ஒரு மணிக்குக் கை மாற்றிக்கொள்வார்கள். ஒன்றரைக்கு அவர் கிளம்பிவிடுவார். கடைக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும், ஒன்றரை மணி நேரம். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் கிடையாது. அதனால் வீட்டிலிருந்து வேலை என்பது அவளுக்குச் சொகுசு இல்லை. அது இருந்தால் வேலை இருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை.

வியாழக்கிழமை ஒரு மணிக்குக் குட்டி அப்பாவின் செல்போனை வாளித் தண்ணீரில் போட்டுவிட்டாள். அந்தக் கூச்சலில் கணக்கக்கா, முன்பு கடையை விட்டுக் கிளம்பும்போது எப்போதும் செய்தது போலவே, கைப்பழக்கத்தில் அணைத்துவிட்டு எழுந்து ஓடினாள். தன் கம்ப்யூட்டரை அணைத்ததாகத்தான் நினைப்பு. ஆனால் திரை முழுக்க விரிந்திருந்தது தொலைவில் இருந்த சர்வர்; அணைந்தது அதுதான்.

கணக்கு எழுதுகிறவளுக்கு சர்வரையே அணைக்கும் அதிகாரம் எப்படி வந்தது? அது முதலில் சர்வர் அமைத்துக் கொடுத்தவர் செய்த வேலை. அந்த மென்பொருள் சாதாரண பயனருக்குத் திறக்கவில்லை, எதையும் மாற்றும் உரிமை உள்ள நிர்வாகிக்குத்தான் திறந்தது. அவர் இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு எல்லாரையும் நிர்வாகி ஆக்கிவிட்டு, பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து ஆளுக்கொரு ராஜ்ஜியம். கோடவுன்காரர் சர்வரில் சதுரங்க விளையாட்டை ஏற்றினார். இரண்டாம் கடையில் பில் போடும் பெண் ஒரு கல்யாணத் தேதிக்கு என்ன கிழமை என்று பார்க்கப் போய் சர்வரின் தேதியையே மாற்றிவிட, அன்று போட்ட பில்லெல்லாம் அடுத்த மாதத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

முதலாளி அன்று சாயங்காலமே எல்லாரையும் போனில் கூட்டினார்.

"திங்கட்கிழமை பன்னெண்டு மணி. அதுக்குள்ள இதுக்கு ஒரு வழி பண்ணுங்க. இல்லன்னா சர்வரும் வேணாம், ஒண்ணும் வேணாம். பழையபடி கடையில ஒரு கம்ப்யூட்டர், ஒரு மேசை. எல்லாரும் இங்க வந்து உக்காந்து எழுதட்டும்."

"எல்லாரும்னா, அக்காவுமா?" என்று கேட்டார் கோடவுன்காரர்.

"எல்லாரும்னா எல்லாரும்தான். உனக்குத் தனியா எழுதித் தரணுமா?"

கணக்கக்கா வாயைத் திறக்கவில்லை. அணைத்தது நான்தான் என்று அந்த நேரத்தில் சொல்லியிருக்க வேண்டும்.

புதிதாக வந்திருந்த சர்வர்காரர் ஐம்பதை நெருங்குகிறவர், அவசரப்படாத மனிதர். சனிக்கிழமை எல்லாருடைய நிர்வாகி உரிமையையும் எடுத்துவிட்டார். இனி சர்வரை அணைக்கவும் முடியாது, தேதியைத் தொடவும் முடியாது. ஆனால் மென்பொருளும் திறக்கவில்லை. சொடுக்கினால் நிர்வாகியின் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்டது.

"அந்தக் கடவுச்சொல்லைத்தான் குடுத்துடுங்களேன் சார்" என்றாள் கணக்கக்கா.

"குடுக்கலாம்மா. பூட்டைப் போட்டுட்டுப் பக்கத்துலயே சாவியை மாட்டி வச்ச மாதிரி இருக்கும்."

மென்பொருள் கம்பெனிக்கும் எழுதிக் கேட்டிருந்தார். எல்லாரையும் நிர்வாகி ஆக்கவும் என்று ஒரே வரியில் பதில் வந்திருந்தது.

இதை அவள் கணவரிடம் சொன்னபோது அவர் குட்டிக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். "நல்லா இருக்கே! பஸ்ல ஏறுற எல்லாருக்கும் ஸ்டியரிங் குடுன்னு சொல்ற மாதிரி. பெல் அடிக்கிற கயிறு போதாதா அவங்களுக்கு?"

"போதும்தான். கயிறைப் பிடிச்சா பஸ் நிக்க மாட்டேங்குதே."

"அப்போ கயிறு எங்கயோ மாட்டிக்கிட்டிருக்கு. ஸ்டியரிங்கைப் பிச்சுக் குடுக்காம, அது எங்க மாட்டியிருக்குன்னு பாக்கச் சொல்லு உங்க சாரை." சட்டையைத் திருப்பிப் போட்டிருந்ததைப் பார்த்துக் கழற்றினார். கொஞ்சம் தயங்கி, "நான் காலை ஷிப்டு கேட்டுப் பாக்கவா?" என்றார். காலை ஷிப்ட் என்றால் அவள் கடைக்குப் போகலாம், அவர் பிற்பகலில் குழந்தையைப் பார்ப்பார். ஆனால் காலையில் யார் பார்ப்பது என்று இருவருக்குமே தெரியவில்லை.

திங்கள் காலை எட்டு மணிக்கே சர்வர்காரர் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, கடவுச்சொல் கேட்கும் தொல்லையை ஒழித்துவிட்டார். கணக்குகள் இருக்கும் ஃபோல்டரில் எழுத எல்லாருக்கும் அனுமதியும் கொடுத்துவிட்டார். ஆனாலும் மென்பொருள் திறந்து, கம்பெனியின் பெயரைக் காட்டி, அப்படியே செத்துவிழுந்தது.

"நிர்வாகியா நுழைஞ்சா திறக்குது. உங்களை மாதிரி நுழைஞ்சா மூடிக்குது. நீங்க ஒரு தரம் திறங்க, நான் இங்கருந்து பாக்கிறேன்."

கணவர் குளிக்கப் போயிருந்ததால், மடியில் குட்டியை வைத்துக்கொண்டு திறந்தாள். பெயர் வந்தது. மூடிக்கொண்டது. மறுபடி திறந்தாள். நாலாம் முறை சொன்னாள்: "சார், கோடு வரலை."

"எந்தக் கோடு?"

"பச்சைக் கோடு. திறந்ததும் கீழ இடதுல இருந்து வலதுக்கு ஓடும். எப்பவும் ஓடும், பேர் கேக்கிறதுக்கு முன்னாடியே. இப்போ அது ஓடாமலே மூடிக்குது."

சர்வர்காரர் திரையை உற்றுப் பார்த்தார். "நான் இதைத் திறந்தா அவசரமா உள்ள போயிடுவேன். கோட்டைப் பாத்ததே இல்லை. அது என்னம்மா பண்ணுது?"

"முந்தின நாள் கணக்கை அப்படியே பிரதி எடுக்குது. ஒரு தரம் கடையில ஒரு மாசக் கணக்கையே அழிச்சுட்டாங்க. அப்போ அங்கருந்துதான் எடுத்துப் போட்டோம். கணக்கு இருக்கிற இடத்துல இல்ல சார், வெளிய தனியா ஒரு ஃபோல்டர். பழைய சர்வர்காரர் 'பழசு'ன்னு பேர் வச்சிருந்தார்."

"பழசா? அதை நான் குப்பைன்னு நினைச்சு ஒதுக்கிட்டேனே!" என்று சிரித்தார். "அதுல எழுத உங்களுக்கு அனுமதி இல்ல. எழுத முடியலன்னு வாயைத் திறந்து சொல்லாம செத்துப்போகுது, பாவி."

அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் அனுமதி கொடுத்தார். அவள் சொடுக்கினாள். கோடு ஓடியது. கணக்கு திறந்தது. மடியில் இருந்த குட்டி எதற்கென்று தெரியாமல் கை தட்டினாள்.

பத்தேகாலுக்கு இரண்டாம் கடையிலும் கணக்கு திறந்தது. பத்தரைக்குக் கோடவுனில். சதுரங்கம் காணோம் என்று கோடவுன்காரர் வருத்தப்பட்டார், வேறு குறை யாருக்கும் இல்லை. பதினொன்றரைக்கு எல்லாரும் போனில் கூடினார்கள்.

முதலாளியும் திறந்து பார்த்தார். திறந்தது. ஆனால் சர்வரில் வேறு எதைத் தொட்டாலும் தடுத்தது; அவருக்குத் திருப்தி இல்லை. "என்னமோ எனக்கும் அனுமதி இல்ல அனுமதி இல்லங்குது?"

"உங்களுக்கும் அதேதான் சார், எல்லாருக்கும் போல" என்றார் சர்வர்காரர்.

"ஏன்யா, என் காசுல எடுத்த சர்வர். எனக்கே பூட்டா? எனக்குப் பழையபடி குடுத்துடுங்க."

சர்வர்காரர் தயங்கினார். காரணம் எல்லாருக்கும் தெரியும். முதலாளியின் கடவுச்சொல் அவருடைய திரையின் மேல் ஓரத்தில் சீட்டில் எழுதி ஒட்டப்பட்டிருக்கிறது. முதல் கடையில் யாருக்கு எது வேண்டுமானாலும் அவர் நாற்காலியில்தான் உட்காருவார்கள். அவருக்குத் திறந்தால் கடைக்கே திறந்த மாதிரி. இன்னும் ஒரு வாரத்தில் மறுபடி அப்படி ஒரு வியாழக்கிழமை வரும்.

"யாரோ ஒரு அரைகுறை அணைச்சதுக்கு நான் என்ன பண்ணுவேன்? நான் அப்படியா அணைப்பேன்? முடியாதுன்னா விடுங்க. மேசையைத் துடைச்சு வைக்கிறேன், எல்லாரும் கடைக்கு வாங்க."

"முதலாளி" என்றாள் கணக்கக்கா. "அந்த அரைகுறை நான்தான்."

போனில் யாரோ இருமினார்கள்.

"என் கம்ப்யூட்டர்னு நினைச்சு அணைச்சேன். சாயங்காலம்தான் தெரிஞ்சுது. சொல்லப் பயந்துட்டேன். பதினோரு வருஷத்துல ஒரு பில் தொலைச்சதில்லை நான். எனக்கே கை தவறுதுன்னா உங்களுக்கும் தவறும். தவறினாலும் ஒண்ணும் ஆகக்கூடாதுன்னுதான் இந்தப் பூட்டு. உங்களை நம்பாம இல்ல."

முதலாளி, "நீயாம்மா?" என்றார். குரலில் கோபத்தைவிட ஏமாற்றம் அதிகம் இருந்தது. "நான் கோடவுன்காரன்னுல்ல நினைச்சேன். மூணு நாளா அவன்கிட்ட முகம் குடுத்துப் பேசலையே."

"அதான் சார், வணக்கம் சொன்னா சுவத்தைப் பாத்தீங்களா!" என்று கோடவுன்காரர் கத்தினார். "சம்பளத்தைத்தான் குறைக்கப்போறீங்கன்னு வீட்டுல ராத்திரி சாப்பாடு இறங்கலை எனக்கு."

"சதுரங்கம் ஆடினவன் மேல சந்தேகம் வராம என்ன பண்ணும்? போ, வேலையைப் பாரு." சற்று நிறுத்தி, "சர்வர்காரரே, எனக்கும் அதே பூட்டு இருக்கட்டும். பெரிய சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். அம்மா, நீ வீட்டுலருந்தே பாரு. இனிமே ஏதாவது ஆனா அன்னைக்கே சொல்லு, நாலு நாள் கழிச்சு இல்ல" என்றார்.

"சரிங்க முதலாளி."

அவள் போனை வைத்தபோது பன்னிரண்டு தாண்டி இருபது நிமிஷம் ஆகியிருந்தது. கெடு தாண்டியதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. கோடவுனில் வந்து இறங்கிய சரக்கு அவள் திரையில் வரிசையாகப் பதிவாக ஆரம்பித்திருந்தது.

கணவர் சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தார். கையில் குட்டியின் கிண்ணம்.

"என்ன முடிவு? நான் காலையில பஸ் எடுக்கணுமா, இல்ல இவளுக்குச் சோறு ஊட்டணுமா?"

"சோறு ஊட்டுங்க" என்று சொல்லிவிட்டு, கணக்கக்கா அடுத்த வரியை எழுதத் தொடங்கினாள்.