கண்டக்டர் கல்லறைப் புல்

பஸ் கண்டக்டரின் கல்லறைமேல் போட்ட புல் இரண்டாம் முறையும் உப்புப் பூத்துக் கருகியபோது, யாரோ ஒருத்தி வந்து அழுதுவிட்டுப் போகிறாள் என்று அவர் மனைவிக்கு உறுதியாகிவிட்டது. அந்த இடுகாட்டில் கண்ணீர் பட்டுப் புல் கருகுவது புதிதல்ல. அங்குள்ள தோட்டக்காரர், இறந்தவரின் குடும்பம் எவ்வளவு அழும் என்று பார்த்துத்தான் புல் போடுவார். சொத்துக்குக் காத்திருந்தவர்களுக்குப் பூங்காவில் போடும் மெல்லிய புல். அதற்குத் துளி உப்பும் ஆகாது. சாதாரணத் துக்கத்துக்கு அருகம்புல், ஓரளவு தாங்கும். குழந்தைகளின் கல்லறைக்குக் கழிமுகத்துப் புல். குடித்த உப்பை இலைவழியே வெளியே தள்ளிவிட்டு அது பச்சையாகவே நிற்கும். தையல்காரியான மனைவி மெல்லிய புல்லே போதும் என்று சொல்லியிருந்தாள். கடைசி பஸ், கடைசி பஸ் என்று காலமெல்லாம் நேரங்கழித்து வீடு வந்தவருக்காக அழ அவளுக்குக் கண்ணில் ஈரம் இல்லை. வாரம் தவறாமல் வந்து முறைத்துவிட்டு மட்டும் போவாள்.

மெல்லிய புல் போய், அடுத்துப் போட்ட அருகும் போன பிறகு, அவள் தையல் மிஷினை இடுகாட்டு வாசலுக்கே கொண்டுவந்து போட்டாள். பஸ் டிப்போ கேன்டீன்காரியின் மேல் அவளுக்குச் சந்தேகம். உள்ளே போகிற பெண்களை ஏற இறங்கப் பார்த்தபடியே துணி தைத்தாள். ஒருத்தியும் அந்தக் கல்லறைப் பக்கம் திரும்பவில்லை. உப்பு மட்டும் முன்னைவிட ஏறியது. கடைசியில் தோட்டக்காரரை மடக்கினாள்.

"உண்மையச் சொல்லுங்கண்ணே. எவ வர்றா?"

அவர் மண்ணைக் கிளறி, மேலே ஒரு சிட்டிகை, அடியில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"யாரும் வரலம்மா. மேல் மண்ணு சப்புனு இருக்கு. அடியிலதான் கரிக்குது. உங்க வீட்டுக்காரர்தான் அழறாரு."

"யாரை நினைச்சாம்?" என்றாள் அவள்.

மறுபடி மெல்லிய புல்லைப் போடச் சொல்லிவிட்டு மிஷினோடு வீட்டுக்குப் போனவள், மழைக்காலம் முழுக்க அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. புல் தளதளவென்று வளர்ந்தது. திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்த அன்று மாலைக்குள், அவள் இருந்த பக்கமாகவே புல் மஞ்சளடித்தது. இது பாசமா, பயமா என்று கல்லறையிடமே கேட்டாள். பிறகு தோட்டக்காரரைக் கூப்பிட்டுப் புல்லை மாற்றச் சொன்னாள்.

அதன்பின் அங்கே கழிமுகத்துப் புல்தான். வாரந்தோறும் வந்து, "சரி, போதும், அழுதது போதும்" என்று இலைகளின் உப்பை முந்தானையால் துடைத்துவிடுகிறாள். வேறு பெண்கள் அவ்வழியே போகும்போது மட்டும் துடைப்பதை நிறுத்திவிட்டு, இலை புதிதாக நனைகிறதா என்று குனிந்து பார்ப்பாள். இதுவரை நனைந்ததில்லை.