காத்துக்குக் காத்திருப்பு

உறுவையாறு கிராமத்துக் கண்ணையனுக்குத் தன் மனைவி வைஜெயந்தியின் பருமன் ஒருநாளும் குறையாகப் பட்டதில்லை. "அவ நின்னாத்தான் வூடு நெறஞ்சாப்ல இருக்கு" என்பார். அவளுக்குப் பெருங்குடலில் கட்டி, ரோபோ வைத்துத்தான் ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னபோது மனுஷன் "மெஷினா வெட்டும்?" என்று எழுந்தே நின்றுவிட்டார். கரும்புத் தோட்டத்தில் அறுவடை மெஷின் புகுந்து வரும் கோலத்தைப் பார்த்தவராயிற்றே!

"மெஷின் தானா வெட்டாதுய்யா. கை அதோடது, ஓட்டுறது நானு" என்றார் டாக்டர். "இவங்க உடம்புக்கு வயித்தப் பெருசாக் கிழிச்சா காயம் ஆறுறது கஷ்டம். இதுல சின்னச் சின்ன ஓட்டைதான்."

ஆபரேஷன் நல்லபடியாகவே முடிந்தது. வெட்டிய குடலைச் சேர்த்துத் தைத்தாயிற்று. குடல் வேலை செய்கிறது என்று தெரிய, காற்றுப் பிரிய வேண்டும். அதுதான் பிரியவில்லை. வயிறு உப்பிக்கொண்டே வந்தது. "சாயங்காலத்துக்குள்ள போவலன்னா ஸ்கேன் எடுக்கணும். திரும்ப ஆபரேஷன் பண்ண வேண்டியிருந்தாலும் இருக்கும்" என்று டாக்டர் சொல்லிப் போனதிலிருந்து கண்ணையன் கட்டிலை விட்டு அசையவில்லை.

போதாக்குறைக்கு, மகளின் மாமியார் கனகாம்பாள் பாகூரிலிருந்து ஆப்பிளும் கையுமாக வந்து கட்டிலோரம் உட்கார்ந்துவிட்டார். வைஜெயந்தியோ மானஸ்தி. புருஷன் வீட்டுக்குள் காற்றுப் பிரித்தாலே மாட்டுக்கொட்டகைக்கு விரட்டுகிறவள். இப்போது உதட்டைக் கடித்துக்கொண்டு, கால்விரல்களை மடக்கிக்கொண்டு கிடந்தாள். கண்ணையனுக்குப் புரிந்துவிட்டது. வராமல் இல்லை, சம்பந்தி முன்னால் விடமாட்டேன் என்கிறாள்.

"சம்பந்தி, கேன்டீன்ல டீ நல்லாருக்கும்..."

"எனக்கு இன்னாத்துக்கு டீ? சம்பந்தியப் பாக்கத்தான வந்தேன்."

இனி மானத்தைப் பார்த்தால் ஆகாது. அந்த விஷயத்தில் ஆண்டவன் கண்ணையனுக்கு ஒரு குறையும் வைத்ததில்லை. நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, வார்டே திரும்பிப் பார்க்க விட்டார் ஒன்று.

கனகாம்பாள் முந்தானையால் மூக்கை மூடினார். வைஜெயந்திக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு அடக்கமாட்டாத சிரிப்பு. தையல் வலிக்காமலிருக்கத் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். அந்தக் குலுக்கலில் இன்னொரு சத்தமும் வந்தது, சின்னதாக, வெட்கப்பட்டுக்கொண்டு.

நர்ஸ் சுகன்யா ஓடி வந்தாள். "போச்சா? யாரு, அம்மாவா?"

கண்ணையன் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அது கூசிக் குறுகிப்போயிருந்தது. பாவி மனுஷனுக்குப் பொறுக்கவில்லை. "நான்தாம்மா" என்று பழியைத் தூக்கித் தன் தலையில் போட்டுக்கொண்டார்.

"அப்ப ஸ்கேனுக்குச் சொல்லிடறேன்" என்று முகம் வாடித் திரும்பினாள் சுகன்யா.

"சிஸ்டர், நில்லுங்க!"

வைஜெயந்தி சம்பந்தியைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். பிறகு வார்டுக்கே கேட்கிற குரலில் சொன்னாள்:

"மொதோ சத்தம் அவருது. ரெண்டாவது என்னுது!"

கண்ணையனுக்கு அழுகை பீறிட்டுவிட்டது. "என் தங்கமே" என்று சம்பந்தி முன்னாலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.